இரண்டு ஜிபி பகை

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எனக்கு வேலை இல்லை. வேலையை விட்டு நீக்கவில்லை, வேலை தரவில்லை. இரண்டும் வேறு. காலை பத்து மணிக்கு வர வேண்டும், மாலை ஆறு மணிக்குப் போக வேண்டும். இடையில் இரண்டாம் மாடியில், ஃபிலிம் கழுவிய காலத்தில் இருட்டறையாக இருந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மேசை, ஒரு நாற்காலி, மூலையில் புதிதாக மாட்டிய கேமரா. சன்னல் கிடையாது. சுவரில் இன்னும் ரசாயன வாடை அடிக்கிறது.

மதுரைப் பதிப்பில் இருபத்தாறு வருடம் குற்றச் செய்தி எழுதியவள் நான். மார்ச்சில் ஒரு நூற்பாலை விடுதியில் தீப்பிடித்ததை எழுதினேன். பெண்கள் தங்கியிருந்த கட்டடத்தின் கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது என்று அதில் ஒரு வரி. ஆலை முதலாளி எங்கள் நிர்வாக இயக்குநருக்குச் சம்பந்தி என்பது எனக்குத் தெரியும். செய்தி ஆசிரியர் கதிரேசனுக்கும் தெரியும். அவன்தான் பக்கத்தைப் பார்த்து அச்சுக்கு அனுப்பினான். தலைப்பும் அவன் வைத்ததுதான். மேலே கூப்பிட்டுக் கேட்டபோது, "அன்னைக்கு நான் ஒரு கல்யாண வரவேற்புல இருந்தேன் சார். எனக்குத் தெரியாம என் பாஸ்வேர்டைப் போட்டு மங்கையர்க்கரசி அனுப்பிட்டாங்க" என்று என் பெயரைச் சொல்லிவிட்டான்.

பதினொரு வருடம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன். வாய்க்கு வாய் அக்கா.

சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொக்கியது. சமாளித்தேன்.

ஜூன் 4, செவ்வாய்

மனிதவள அதிகாரி ரெக்ஸ் வந்தார். கையில் விருப்ப ஓய்வுப் படிவம்.

"ஏன் மேடம் இந்தப் புழுக்கத்துல கிடந்து அவதிப்படுறீங்க? ஒரு கையெழுத்து. நிம்மதியா வீட்ல இருக்கலாம்."

"என்னைய விசாரிங்க ரெக்ஸ். பதில் சொல்றேன்."

"விசாரணையெல்லாம் எதுக்கு? உங்க மேல புகாரே இல்லையே மேடம்."

சங்கதி அதுதான். புகார் என்று ஒன்று இருந்தால் விசாரணை வைக்க வேண்டும். விசாரணை வைத்தால் அவர்களுடைய சாட்சியை நான் குறுக்குக் கேள்வி கேட்கலாம். அதனால் புகாரே கிடையாது. அறை மட்டும் உண்டு. நான் கையெழுத்துப் போட்டால், திருட்டுத்தனமாகப் பக்கம் அனுப்பியவள் என்ற பெயரோடு வெளியே போவேன். அந்தப் பெயரோடு போக மாட்டேன்.

கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

பக்க வடிவமைப்பாளர் ஹமீது பாய் டீயோடு வந்தார். இந்த அறைக்குத் தானாக வந்த முதல் ஆள்.

"யக்கா, மத்தியானம் கொட்டாவி விட்டீங்களாம்ல?"

"யார் சொன்னா?"

"கதிரேசன் கேமராவைப் போன்ல வச்சுக்கிட்டுத் திரியறாரு. நேத்து கேன்டீன்ல எல்லாருக்கும் காட்டினாரு. ஜாக்கிரதைக்கா. வேலை நேரத்துல தூங்கினா ஒழுங்கீனம்னு ஆபீஸ் நிலையாணை விதியிலயே இருக்கு. படத்தோட மாட்டினீங்கன்னா பேச வாய் இருக்காது."

"பேப்பரைப் படிச்சாத் தூக்கம் வருது பாய்."

"நம்ம பேப்பரைப் படிச்சா யாருக்குத்தான் வராது? படிக்காதீங்க. கேம் விளையாடுங்க."

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஐம்பத்தொரு வயது மனிதர் ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் வருவதற்குள் விளையாடியே பல ராஜ்ஜியங்களைப் பிடித்திருக்கிறாராம். "என்ன மிஷின் இருக்கு வீட்ல?" என்று கேட்டார்.

மகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் இருக்கிறது. அவள் ஓசூரில் வேலைக்குப் போனதும் பீரோவுக்கு மேலே போட்டது.

"ரெண்டு ஜிபி ரேமா? பாவம். அதுக்கு மூச்சு முட்டாததாப் பார்த்துத்தான் போடணும். கொண்டாங்க."

ஜூன் 10, திங்கள்

லேப்டாப்பைத் துடைத்துக் கொண்டு வந்தேன். பேட்டரி செத்துவிட்டது, ஒயரைச் செருகியபடியே வைத்திருக்க வேண்டும். 'ந' விசை அமுங்கினால் எழும்புவதில்லை. திறந்து முகப்பு வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். இருட்டறையில் நெட் எட்டாது, அதனால் நெட் கேட்கும் ஆட்டம் ஆகாது. பாய் ஒரு பென் டிரைவில் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களைப் போட்டுக் கொடுத்தார்.

முதலில் சீட்டு. நன்றாக ஓடுகிறது. அரை மணி நேரத்தில் தலை மேசையில் இடித்தது. சீட்டு தூக்க மாத்திரை. அழித்துவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

துப்பாக்கி ஆட்டம். லேப்டாப்பின் விசிறி மிக்ஸி போல அலறியது. படம் உறைந்து, மறுபடி அசைந்தபோது நான் செத்துக் கிடந்தேன். ஆறு முறை இப்படி. சுட்டவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்த அனுபவம் எனக்கு ஆபீசிலேயே இருக்கிறது.

ஜூன் 13, வியாழன்

நகரம் கட்டுகிற ஆட்டம். இது பரவாயில்லை. தண்ணீர்க் குழாய், சாக்கடை, பள்ளிக்கூடம் எல்லாம் நாம் போட வேண்டும். சாப்பிடப் போகவும் மறந்தேன். ஆனால் ஊர் பெரிதாகப் பெரிதாக மிஷின் திணறுகிறது. மக்கள்தொகை ஐம்பதாயிரத்தைத் தொட்டதும் ஒரு பேருந்து தெருமுனை திரும்பக் கால் மணி நேரம் ஆனது. ஊரைச் சின்னதாக வைத்துக்கொள்ள ஒவ்வொரு பேட்டையாக இடித்தேன். பிறகு எனக்கே பிடிக்கவில்லை.

ரெக்ஸ் எட்டிப் பார்த்தார். "சொந்த லேப்டாப்பா மேடம்?" என்றார். "ஆபீஸ் ஒண்ணு குடுங்க, இதை எடுத்துட்டுப் போயிடறேன்" என்றேன். போய்விட்டார்.

ஜூன் 14, வெள்ளி

இன்று பாய் பெரிய பொக்கிஷத்தைத் தருவது போல ஓர் ஆட்டத்தைக் காட்டினார். படமே கிடையாது. சுரங்கம், சுவர், பேய், வாள் எல்லாம் எழுத்துகளும் புள்ளிகளும்தான். எந்த ஓட்டை மிஷினிலும் பறக்குமாம். ஒரு முறை செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல வருடமாக விளையாடியும் அவர் அடிமட்டத்தைத் தொட்டதில்லையாம்.

"இதுல இன்னொரு வசதிக்கா. கேமராவுல பார்த்தா நீங்க ஏதோ டைப் அடிக்கிற மாதிரிதான் தெரியும். எந்தக் கொம்பனும் கண்டுபிடிக்க முடியாது."

"அப்ப இது வேண்டாம் பாய்."

"என்னக்கா?"

"கலர் கலரா, தூரத்துல இருந்து பார்த்தாலே கேமுன்னு தெரியற மாதிரி ஒண்ணு குடுங்க."

பாய் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். "யா அல்லா" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 17, திங்கள்

கிடைத்துவிட்டது. ராஜ்ஜியங்கள் சண்டை போடும் ஆட்டம், மிகப் பழையது. நம் முறை, எதிரியின் முறை என்று மாறி மாறி வரும். நம் முறையில் எவ்வளவு நேரம் யோசித்தாலும் அது காத்திருக்கும். அதனால் மிஷினுக்கும் அவசரம் இல்லை. ஒரு போர் முடிய ஒரு வாரமாவது ஆகும். பச்சை, சிவப்பு, மஞ்சள் என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள்.

மேசையைத் திருப்பிப் போட்டேன், திரையில் மின்விளக்கின் ஒளி விழுந்து கண் கூசியதால். இப்போது திரை கேமராவைப் பார்த்து இருக்கிறது.

எதிரி அரசனுக்கு நாமே பெயர் வைக்கலாம். வைத்தேன்.

ஜூன் 19, புதன்

கதிரேசனின் மூன்று நகரங்களைப் பிடித்தேன். மின்கட்டணம் கட்டினேன்.

ஜூன் 24, திங்கள்

கதிரேசன் என் தலைநகரைப் பிடித்துவிட்டான். பகல் முழுக்க ஆத்திரம். முட்டாள்தனமாகப் படையை எல்லாம் எல்லையில் நிறுத்தியிருந்தேன். மிஷின் ஆடியது என்று தெரியும். இருந்தாலும் படிக்கட்டில் நிஜமான கதிரேசன் எதிரே வந்தபோது ஒதுங்கி நிற்கவில்லை. அவன்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"நல்லாருக்கீங்களாக்கா?"

"கேமராவுல பார்த்தா தெரியலையா?"

வேகமாகப் படியிறங்கினான். தொப்பை போட்டிருக்கிறது. கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 30, ஞாயிறு

வீட்டிலும் லேப்டாப்பைத் திறந்தேன். கணவர் தணிகாசலம், "ஆபீஸ்ல சும்மா இருக்கச் சொன்னாங்க, சரி. இங்க எவன் சொன்னான்? மூணு நாளா அதே வத்தக்குழம்பு" என்றார். ஒத்திகை என்று சொன்னேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பழிவாங்கத்தான். வேறு எதற்கும் இல்லை. எழுதி வைக்கிறேன், பிறகு நானே மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக. அவனை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நான் கேள்வி கேட்க வேண்டும். அதற்கு என் மேல் ஒரு குற்றச்சாட்டு வேண்டும். தூங்கினால் அவர்களுக்கு வேண்டிய குற்றம். அதில் கேள்விக்கு இடமில்லை. விளையாடினால் எனக்கு வேண்டிய குற்றம். எத்தனை நாள் விளையாடினாள், ஏன் யாரும் தடுக்கவில்லை, மேற்பார்வை யார் என்று நூல் நூலாகப் பிரியும். எந்த நூலைப் பிடித்து இழுத்தாலும் கதிரேசனிடம் போகும்.

ஜூலை 5, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. யாரும் வரவில்லை. நான் விளையாடுவது ஊருக்கே தெரியும், கேன்டீன் பையன்கூட "ஜெயிச்சாச்சா மேடம்?" என்கிறான். குற்றச்சாட்டு மட்டும் வரக் காணோம்.

ஜூலை 11, வியாழன்

நான்கு மணி வாக்கில் கோட்டை விழுந்தது. இரண்டு வாரமாகச் சுற்றி வளைத்துப் பார்த்தும் விழாத கோட்டை. கடைசியில் மேற்கு வாசலில் இருந்த என் படையை நானே விலக்கிக்கொண்டேன். பயந்து ஓடுகிறேன் என்று நினைத்து அவன் வெளியே வந்தான். வந்ததும் மூடினேன். நாற்காலியை விட்டு எழுந்து இரண்டு கையையும் தூக்கினேன் போலிருக்கிறது. சத்தமும் போட்டிருக்கலாம். கீழே புரூஃப் பகுதியிலிருந்து யாரோ "என்னங்க ஆச்சு?" என்று மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஜூலை 15, திங்கள்

வந்துவிட்டது. பணி நேரத்தில் தொடர்ந்து கணினி விளையாட்டில் ஈடுபட்டமை, சக ஊழியர்களுக்கு இடையூறாகக் கூச்சலிட்டமை. உள்விசாரணை ஆகஸ்ட் முதல் வாரம். நிர்வாகத் தரப்புச் சாட்சி: செய்தி ஆசிரியர் சி. கதிரேசன்.

போகிற வழியில் கால் கிலோ பால்கோவா வாங்கினேன். தணிகாசலம், "என்ன விசேஷம், மெமோவா?" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 29, திங்கள்

ஆட்டத்தைத் தொடவில்லை. கேள்விகளைத் தயார் செய்கிறேன். கதிரேசன் பயந்தாங்கொள்ளி அல்ல. போலீஸ் கமிஷனரையே கேள்வியால் மடக்கிய ஆள். நேராக மார்ச் மாதத்துக்குப் போனால் விசாரணை அதிகாரி நிறுத்திவிடுவார், அவனும் சுதாரிப்பான். விளையாட்டிலேயே நின்று, அவன் தானாக அங்கே வந்து சேர வேண்டும். தன்னைக் கவனக்குறைவான மேற்பார்வையாளன் என்று யாராவது சொன்னால் அவனுக்குப் பொறுக்காது. அது ஒன்றுதான் எனக்குத் திறந்திருக்கும் வாசல்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கூட்ட அறை. விசாரணை அதிகாரி வெளியிலிருந்து வந்த வழக்கறிஞர். நறுக்குத் தெறித்தாற்போல் பேசுகிறவர். பக்கத்தில் அவருடைய தட்டச்சர். ரெக்ஸ் ஓரமாக உட்கார்ந்திருந்தார். கதிரேசன் நீலச் சட்டையில் வந்தான். நான் விளையாடினேன் என்று அவன் சாட்சி சொன்னான். நான் மறுக்கவில்லை. குறுக்குக் கேள்விக்கு எழுந்தேன்.

"நான் விளையாடறது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஆரம்பத்துலயே தெரியும்."

"தெரிஞ்சும் இத்தனை வாரம் விட்டுட்டீங்க. கவனிக்கலையா?"

"கவனிச்சேன். தினமும் கவனிச்சேன்."

"நீங்க பாதி நாள் மீட்டிங், விழா, வெளியூருன்னு போயிடுறீங்க. உங்க டிபார்ட்மென்ட்ல என்ன நடக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே நிறைய நடந்திருக்கலாம் இல்லையா?"

ரெக்ஸ் நிமிர்ந்தார். கதிரேசனின் காது சிவந்தது. கோபம் வந்தால் அவனுக்குக் காது சிவக்கும்.

"எனக்குத் தெரியாம அங்க ஒண்ணும் நடக்காது. கேமரா என் போன்லயே ஓடுது. பக்கமும் போனுக்கு வரும். நான் பார்த்துச் சரின்னு சொல்லாம எந்தப் பக்கமும் பிரஸ்ஸுக்குப் போகாது."

"நீங்க ஆபீஸ்ல இல்லாட்டியும்?"

"இல்லாட்டியும்."

"ஒரு கல்யாண வரவேற்புல இருந்தாலும்?"

தட்டச்சரின் விசைச் சத்தம் மட்டும் கேட்டது. அது நிற்கும்வரை கதிரேசன் பேசவில்லை. நின்ற பிறகு, ஒவ்வொரு சொல்லாக, "கல்யாண வரவேற்புல இருந்தாலும்" என்றான்.

"மார்ச் மாசம் மில் விடுதித் தீ விபத்து வந்த பக்கமும்?"

"மேடம், அது இந்த விசாரணைக்குள்ள வராது" என்றார் ரெக்ஸ்.

"சாட்சி ஒரு பொது விதி சொல்றார். விதிக்கு விலக்கு உண்டான்னு கேட்கிறாங்க. பதில் சொல்லலாம்" என்றார் அதிகாரி.

"அந்தப் பக்கமும்தான்" என்றான் கதிரேசன். "தலைப்பும் நான் வச்சது."

பதிவாயிற்று. அவன் கையெழுத்திட்டான். நான் உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். 

ஆகஸ்ட் 7, புதன்

ஜெயித்துவிட்டேன். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

உத்தரவு வந்தது. என் மேல் எச்சரிக்கையோடு சரி. திங்கள் முதல் பழைய மேசை, பழைய குற்றப் பகுதி. நிர்வாகத்திடம் பொய் சொன்னதற்காகக் கதிரேசனின் செய்தி ஆசிரியர் பொறுப்பு பறிக்கப்பட்டது. நீக்கவில்லை. திங்கள் முதல் அவனுக்கு இருட்டறை.

சாயங்காலம் வாசல் டீக்கடையில் நின்றிருந்தான். நான் கடந்து போகத்தான் பார்த்தேன்.

"யக்கா, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

"உன் டீ வேண்டாம்."

"உங்க காசுலயே குடிங்க. நான் இதைச் சொல்லிட்டுப் போறேன்." கிளாசைக் கீழே வைத்தான். "விலகி நின்னு வாசலைத் திறந்து விடுறது உங்க பழைய வேலை. பதினொரு வருஷம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவன்க்கா நான். எந்தக் கேள்வி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா? மீட்டிங், விழான்னு நீங்க ஆரம்பிச்சப்பவே கல்யாண வீடு வருதுன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சா ஏன் சொன்ன?"

"அன்னைக்கு நாலு மணிக்குக் கையைத் தூக்கிக் குதிச்சீங்கள்ல. போன்ல பெருசு பண்ணிப் பார்த்தேன். எதிரி ராஜா பேரு என் பேரு." சிரித்தான். "ஒரு மாசமா ஒருத்தி தினமும் என்னைய மட்டுமே தோக்கடிச்சுக்கிட்டு இருக்கா. நான் என்ன பண்றது? குற்றப்பத்திரிகை போடச் சொல்லி மேலே எழுதினதே நான்தான்."

"பொய் சொல்லாத."

"சரி. பொய்யின்னே வச்சுக்கங்க. வேற யாரு கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

டீக்குக் காசு வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கும் சேர்த்து வைத்திருந்தான். நான் குடிக்கவேயில்லை.

ஆகஸ்ட் 17, சனி

பொய். அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. காது சிவந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாட்டிக்கொண்டவன் கௌரவத்துக்காகச் சொல்கிற கதை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஒவ்வொரு கேள்வியாகத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். தட்டச்சர் அடித்து முடிக்கும்வரை அவன் ஏன் காத்திருந்தான்? தலைப்பைப் பற்றி நான் கேட்கவேயில்லை. அதை ஏன் தானாகச் சொன்னான்?

பிடித்ததாக நினைத்த கோட்டையை அவனே சாவியோடு கொடுத்திருந்தால் அது என் வெற்றி இல்லை. அவன் போட்ட பிச்சை. மார்ச்சில் என் பெயரை எடுத்தான். ஆகஸ்டில் என் பழிவாங்கலையும் எடுத்துக்கொண்டான். இதை விடப்போவதில்லை.

தணிகாசலம், "அதான் ஜெயிச்சிட்டியே, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். வத்தக்குழம்பில் உப்பு அதிகம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பழைய மேசைக்கு வந்து இரண்டு நாள். ஒரு நகைப்பறிப்பு, ஒரு சாலை விபத்து எழுதினேன். மத்தியானம் ஏதோ ஒரு வேலையாக இரண்டாம் மாடிக்குப் போனேன். இருட்டறைக் கதவு பாதி திறந்திருந்தது. கதிரேசன் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தான். எதிரே அவன் மகனுடையதாக இருக்க வேண்டும், என்னுடையதைவிடவும் பழைய ஒரு லேப்டாப். முகப்பு வந்து நின்றபடி இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தான்.

"இதுல என்ன ஓடும்க்கா?"

 கீழே வந்து நேராக ஹமீது பாயிடம் போனேன்.

"ஒரு ஜிபிதான் இருக்கும் போல பாய். அதுல ஓடுற மாதிரி ஒரு கேம் வேணும். நெட் கூடாது. கஷ்டமா இருக்கணும். தினமும் தோக்கணும். தோத்தாலும் மறுநாள் காலையில வந்து திரும்ப உட்காராம இருக்க முடியக்கூடாது. முக்கியமா, தூக்கம் வரவே கூடாது."

பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பென் டிரைவில் தேடினார். "அப்படி ஒண்ணு இருக்குக்கா. கடல் வாணிபம் பண்றது. முடிக்க எப்படியும் ரெண்டு வருஷம் ஆகும்."

"அவன் ரிட்டயராக இன்னும் எட்டு வருஷம் இருக்கு," என்றேன். "வேற பாருங்க."